வாய்ப்புள்ளும் விரிச்சியும்

வருவதை முன்னறிவிக்கும் குறிகளைச் சுட்டுதற்குத் தமிழிலே நான்கு சொற்கள் சிறப்பாக வழங்கியுள்ளன. நிமித்தம், சகுனம், புள், விரிச்சி என்பன அவை. இவற்றுள் முன்னைய இரண்டும் வடமொழியிலிருந்து வந்து தமிழோடு கலந்தவை, இன்றும் வழக்கிலுள்ளவை. புள் என்பது இக்காலத்திலே பறவை என்னும் பொருளளவில், அதுவும் செய்யுள் நடையிலேயே, பெரும்பாலும் நிற்கின்றது. விரிச்சியோ ஏட்டினுள்ளே ஒடுங்கிவிட்டது. தமிழ் பயிலும் மாணவருள்ளும் அதன் பொருளை உடனே கூறவல்லார் சிலரே. வழக்கு வீழ்ந்த சொல்தானே என இதனைத் தள்ளிவிடுதல் தகாது. ஒரு சமுதாயம் அஞ்சிய பொழுது எதனை நோக்கிற்று, எதற்குச் செவிசாய்த்தது என்பதை இச்சொற்கள் நமக்குக் காட்டுகின்றன.

பழந்தமிழர் நிமித்தங்களை நம்பினரா, நம்பிலரா என்று வினாவுவார் பலர். நம்பினர் என்பதற்கும் பொருட்படுத்திலர் என்பதற்கும் சான்றுகள் ஒருங்கே கிடைத்தலின் அவ்வினா எளிதில் முடிவதில்லை. சங்கப் புலவர் நிமித்தத்தைக் கருவியாகக் கொண்டு எதனை அளந்தனர் என்று வினாவுவோமாயின் தெளிவான விடை கிடைக்கும். அவ்விடைக்குப் புள், வாய்ப்புள், விரிச்சி என்னும் மூன்று சொற்களின் வரலாறே வழிகாட்டும்.

முதற்கண் புள் என்னுஞ் சொல்லைக் காண்பாம். இதன் இயற்பொருள் பறவை. தொல்காப்பியப் புறத்திணையியலின் இறுதிச் சூத்திரத்திலே நாள், புள், பிறவற்றின் நிமித்தம் என மூன்று எண்ணப்படுகின்றன. இவ்வெண்ணுமுறை கருதத்தக்கது. பிற பொருள்களிலிருந்து பெறப்படுவனவற்றை நிமித்தம் என ஒருங்கு கூறிய ஆசிரியர், பறவையினாற் பெறப்படுவதனைப் புள் என்ற தனிப்பெயராலேயே கூறிவிட்டார். பறவையின் பெயரே பறவைக் குறிக்கும் பெயராய் நிலைபெற்றமை இதனாற் பெறப்படும்.

புறநானூற்றிலே இவ்வாட்சி பல இடங்களிற் காணப்படுகின்றது. 20ஆம் பாட்டிலே குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் காவற் சிறப்பைப் பாடுகின்றார். புதிய பறவைகள் வந்து புகுந்தாலும் பழைய பறவைகள் நீங்கிப் போனாலும் அவன் நாடு நடுங்குவதில்லையாம். பறவைகளின் வரவும் போக்கும் நாட்டுக்கு வரும் கேட்டை உணர்த்துவன எனக் கருதப்பட்டமை இதனால் விளங்கும். 124ஆம் பாட்டிலே கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடுகின்றார். நல்ல நாளல்லாத நாளிற் புறப்பட்டாலும், வழியிலே புள் குறுக்கிட்டுத் தடுத்தாலும், தகாத செவ்வியிற் சென்று தகாதன சொன்னாலும், அவனைப் பாடிச் சென்றோர் வறிதே மீளார் என்பது அப்பாட்டின் கருத்து. 204ஆம் பாட்டிலே கழைதின் யானையார் வல்வில் ஓரியை நோக்கிக் கூறுவது இன்னும் நுட்பமானது. பரிசில் பெறாது மீள்வோர் தாம் புறப்பட்ட புள்ளையும் பொழுதையும் பழிப்பரேயன்றிப் புரவலரைப் பழியார் என்கின்றார்.

பறவை ஏன் குறியாயிற்று? பண்டைக் காலத்தில் வழிச்செல்வோன் முன்னே எப்போதும் தோன்றுவது பறவை. அது மனிதனுடைய ஏவலுக்கு உட்பட்டதன்று. ஆட்டையும் மாட்டையும் நாம் ஓட்டும் திசையிலே ஓட்டலாம். வானிற் செல்லும் பறவை தானே வந்து தானே போகின்றது. இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ நம் வழியைக் குறுக்கிடுகின்றது. மழையையும் பருவமாற்றத்தையும் மனிதனுக்கு முன்னரே அறிந்ததுபோல நடந்துகொள்கின்றது. மனிதன் தொடமுடியாத உயரத்திலே இயங்கும் ஒன்று மனிதன் காணமுடியாததையும் கண்டிருக்கும் என எண்ணுதல் இயல்பே.

இவ்வெண்ணம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சகுனம் என்னும் வடசொல்லின் முதற்பொருளும் பறவையே. இருக்கு வேதத்து இரண்டாம் மண்டிலத்தின் இறுதிப் பதிகங்கள் இரண்டும் நற்குறி கூறும் பறவையை விளித்து, நன்மொழி பேசுமாறு வேண்டுகின்றன. பிற்காலத்திலே அச்சொல் பறவையையிழந்து குறியையே உணர்த்தலாயிற்று. யவன மொழியிலே ஓயோனோஸ் என்னுஞ் சொல் பெரும்பறவையையும் குறியையும் ஒருங்கே சுட்டியது. இலத்தீன் மொழியிலே அவிஸ் என்றால் பறவை. பறவையை நோக்குதல் என்னும் பொருளில் அமைந்த அவுஸ்பிகியும் என்னும் தொகைச்சொல்லே உரோமர் அரசியற் கருமங்களைத் தொடங்குமுன் பார்த்த நிமித்தத்துக்குப் பெயராயிற்று. ஒரு மொழி மற்றொரு மொழியைப் பார்த்து எழுதிக்கொண்டமையால் இவ்வொற்றுமை வந்ததெனக் கொள்ள வேண்டுவதில்லை. வானை அண்ணாந்து நோக்கிய மக்கள் யாவரும் ஒரே வழியிற் சிந்தித்தனர் எனக் கொள்ளுதலே அமைவுடைத்து.

இச்சொல் வளர்ச்சியின் அடுத்த படியைத் தமிழிலே காட்டுவது வாய்ப்புள் என்னும் அரிய தொடர். பத்துப்பாட்டுள் மிகச் சிறியது 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது அது. மேற்சொல்லிய தொடர் அதன் தொடக்கப் பகுதியிலே ஆளப்படுகின்றது. அங்கே வந்த குறி பறவை தந்ததன்று. ஒரு பெண்ணின் வாயிற் பிறந்த சொல். அச்சொல்லையே புலவர் வாய்ப்புள் என்றார். சொற்குச் சொல் பொருள் காண்பின் வாயின் பறவை என்றாகும். ஆனால் கேட்போர் எவர்க்கும் அங்கே பறவை நினைவுக்கு வந்திராது. வாயிலிருந்து வந்த குறி என்றே கொண்டிருப்பர். ஆகவே நப்பூதனார் காலத்திலேயே புள் என்னுஞ் சொல் தன் சிறகுகளைக் களைந்துவிட்டுக் குறி என்னும் பொதுப்பொருளை எய்திவிட்டது என்பது தெளிவு.

இத்தொடரின் முன்மொழியும் ஆராய்தற்குரியது. வாய் என்பது பேசும் உறுப்பு. வாய்மை என்பதிலே உண்மை. வாய்த்தல் என்பதிலே கைகூடுதல். உண்மையாகிக் கைகூடும் சொல் என்னும் கருத்தும் வாய்ப்புள் என்பதனுள்ளே நிழலாடுகின்றது. இக்காலத்திலே தறுவாயைக் குறிக்கும் வாய்ப்பு என்னுஞ் சொல் வாய்த்தல் என்பதன் அடியாகப் பிறந்தது. அதற்கும் புள்ளுக்கும் தொடர்பில்லை. மாணவர் இவ்விரண்டையும் மயங்குதல் கூடாது.

பறவை பொதுக்குறியாகிய இம்மாற்றத்தை யவனர் ஒருவர் நகைச்சுவையாகவே எடுத்துக்காட்டியுள்ளார். கி.மு. 414ஆம் ஆண்டிலே அதென்ஸ் நகரில் அரங்கேறிய அரிஸ்தோபனீசு என்பாரின் ‘பறவைகள்’ என்னும் நாடகத்திலே, பறவைக் கூட்டம் மனிதரை நோக்கித் தன் பெருமையைச் செப்புகின்றது. குறி எதுவாயினும் அதனைப் பறவை என்றே மனிதர் அழைக்கின்றனராம். காதில் விழுந்த சொல்லும் அவர்க்குப் பறவை, தும்மலும் பறவை, எதிர்ப்பட்ட ஏவலாளனும் பறவை, கழுதையும் பறவை! அதென்ஸ் நகரத்தார் சிரித்த அந்நகைச்சுவை தமிழ்ச் சொல்லாட்சிக்கும் பொருந்துகின்றது. காதில் விழுந்த சொல்லைப் பறவை என்ற யவன வழக்கும், வாய்ப்புள் என்ற தமிழ் வழக்கும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தைச் சென்றடைந்தன.

இனி விரிச்சியைக் காண்பாம். வாய்ப்புள் எனப்பட்டதன் இலக்கணப் பெயர் இதுவே. தொல்காப்பியர் வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகப் பாக்கத்து விரிச்சியைக் கூறினார். பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்வோர் வழியிலுள்ள பாக்கத்திலே நற்சொற் கேட்டல் என்பது அதன் கருத்து. புறப்பொருள் வெண்பாமாலை இயற்றிய ஐயனாரிதனாரும் வெட்சிப் படலத்திலே விரிச்சியைத் துறையாக வைத்தார். கருதிய கருமத்தின் விளைவை அறிதற்பொருட்டு இருள் செறியும் மாலைப் பொழுதிலே சொல்லை ஓர்தல் என அவர் இலக்கணம் அமைகின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்ததும், உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அவ்வுரையாசிரியர் உரையோடு வெளியிட்டதும் இச்சொல்லின் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஒப்புநோக்குதற்கு நமக்கு வழிசெய்தன.

இலக்கியத்திலே விரிச்சி வருமிடங்களுள் நான்கு முதன்மையானவை. முல்லைப்பாட்டிலே, போர்மேற் சென்ற தலைவனை நினைந்து வருந்தும் தலைவியின்பொருட்டுப் பெருமுது பெண்டிர் விரிச்சி நிற்கின்றனர். நற்றிணை 40ஆம் பாட்டிலே, புதல்வன் பிறந்த மனையிலே அணிகலன் பூண்ட மகளிர் விரிச்சி நிற்கின்றனர். புறநானூறு 280ஆம் பாட்டிலே, மார்பிலே பெரும்புண் பட்டுக் கிடக்கும் மறவன் பிழைப்பானோ என்று அறிதற்கு முதியவள் ஒருத்தி நெல்லும் நீரும் தூவி விரிச்சி ஓர்க்கின்றாள். குறுந்தொகை 218ஆம் பாட்டிலே, பிரிந்த தலைவனை நினைந்த தலைவி தான் விரிச்சி நில்லாமையைக் கூறுகின்றாள். ஆநிரை கோடலாகிய மறச்செயலுக்கு இலக்கண நூலார் வகுத்த துறை, பாட்டிலே பிறப்பு, பிரிவு, நோய் என மனைவாழ்வின் அச்சங்கள் அனைத்தையும் தழுவி நிற்றல் காண்க.

இவ்விடங்களிலெல்லாம் விரிச்சி என்னும் பெயரோடு வரும் வினைகள் இரண்டே; நிற்றலும் ஓர்தலும். விரிச்சி கேட்டல் என நாம் இன்று உரைநடையிலே சொல்லுமிடத்தும் கேட்டல் என்பது செவியாற் கேட்டலேயன்றி வினாவுதலன்று. இங்கேதான் விரிச்சியின் உயிர் இருக்கின்றது. குறிசொல்பவனிடம் சென்று வினாவினால் அவன் நம்முடைய கவலையை அறிந்தே விடை சொல்வான். நம் முகத்தைப் பார்த்தும் சொல்வான். நாம் தரும் பொருளைப் பார்த்தும் சொல்வான். விரிச்சியிலோ பேசுபவர்க்கு நம் கவலை தெரியாது. நாம் நிற்பதே தெரியாது. தம் போக்கிலே பிறிதொன்றைப் பற்றிப் பேசுகின்றனர். அச்சொல்லிலே பொய்க்கு இடமில்லை, முகமனுக்கும் இடமில்லை. அறியாதவர் சொல்லாதலாலேயே அது நம்பத்தக்கதாயிற்று.

முல்லைப்பாட்டுக் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மழை பெய்த மாலைக்காலம். முதிய மகளிர் காவலமைந்த ஊரின் எல்லைக்குச் செல்கின்றனர். நாழியிலே கொண்டு சென்ற நெல்லையும் மலர்ந்த முல்லைப் பூவையும் தூவிக் கைதொழுது நிற்கின்றனர். அருகிலே ஓர் இடைக்குலப் பெண், குளிரினாலே தோள்மேற் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கின்றாள். சிறுகயிற்றிலே கட்டுண்ட பசுங்கன்று தாயைக் காணாது தவிக்கின்றது. கோவலர் பின்னின்று ஓட்டிவர உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று அவள் கன்றைத் தேற்றுகின்றாள். முதிய மகளிர்க்கு அது போதும். நல்லோர் வாய்ப்புள் கிடைத்துவிட்டது. தலைவர் பகைவரிடம் திறைகொண்டு வருதல் திண்ணம் என்று தலைவியிடம் வந்து கூறுகின்றனர்.

கன்றுக்குச் சொன்ன சொல் மங்கைக்கு எவ்வாறு பொருந்தும்? இரண்டிடத்தும் உள்ளது ஒரே நிலை. தாயைப் பிரிந்த கன்று. தலைவனைப் பிரிந்த மனைவி. மேய்ச்சற் புலத்திலிருந்து மாலையில் மீளும் ஆன். போர்ப்புலத்திலிருந்து கார்காலத்தில் மீளவேண்டிய தலைவன். ஒரு வாழ்வின் துயர் மற்றொரு வாழ்வின் துயரைப் போன்றது என்னும் உணர்வே விரிச்சியின் அடிப்படை. மாட்டுக் கொட்டிலிற் பிறந்த ஆறுதலை மாளிகை தனக்குரியதாக ஏற்றுக்கொள்கின்றது.

வடமொழியிலே விரிச்சியை ஒத்தது உபசுருதி எனப்படும். பாரதத்து உத்தியோக பருவத்திலே, இந்திரன் மறைந்துபோக, நகுடனுக்கு அஞ்சிய இந்திராணி உபசுருதி என்னும் தேவியை வழிபடுகின்றாள். அத்தேவி அவளை அழைத்துச் சென்று தாமரைத் தண்டினுள்ளே ஒளிந்திருந்த இந்திரனைக் காட்டுகின்றாள். காதில் விழும் சொல் அங்கே தெய்வ வடிவமே பெற்றுவிட்டது. யவனக் காப்பியமாகிய ஒதிசியின் 20ஆம் காண்டத்திலே ஓர் ஒப்புமை உண்டு. தன் வீட்டிலே மாற்றுருவிற் கரந்துறையும் ஒதிசியசு, உள்ளே விழித்திருப்போருள் ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல் வருக என இறைவனை வேண்டுகின்றான். அப்போது தானியம் அரைக்கும் அடிமைப்பெண் ஒருத்தி, இத்தீயோர் உண்ணும் கடைசி விருந்து இதுவாகுக எனத் தன் களைப்பினாலே நொந்து சொல்கின்றாள். அதனை நற்குறியாகக் கொண்டு அவன் மகிழ்கின்றான். திரிகையருகே நின்ற பெண்ணும் கன்றருகே நின்ற பெண்ணும் யாரெனப் பெயரும் சொல்லப்படாதவர். இருவர் சொல்லும் தலைமக்களுக்குத் திசைகாட்டின.

இனிப் புலவர் இக்குறிகளைக் கொண்டு அளந்தது எதனை எனக் காண்பாம். முல்லைப்பாட்டிலே வாய்ப்புள் நல்லதாகவே வந்தது. பாட்டின் முடிவிலே தலைவனும் மீள்கின்றான். ஆயினும் இடையிலே தலைவி தேறவில்லை. முதியோர் எடுத்துக்காட்டக் காட்டவும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. குறி மெய்யாக இருந்தும் அவள் ஆற்றாமையை அது தீர்க்கவில்லை. நற்குறியின் வலிமை இவ்வளவு என்று வரையறுத்துக் காட்டுவதன்மூலம் நப்பூதனார் அவளுடைய அன்பின் ஆழத்தையே அளந்து காட்டிவிட்டார்.

புறநானூற்று 280ஆம் பாட்டைப் பாடியவர் மாறோக்கத்து நப்பசலையார். அங்கே தும்பி வந்து மொய்க்கின்றது, மனையிலே விளக்கு நில்லாது அவிகின்றது, கூகை குழறுகின்றது, விரிச்சி ஓர்த்த முதியவளின் சொல்லும் நிறைவேறாமற் போகின்றது. ஒரு மனைவி எல்லாக் குறிகளையும் பார்த்து முடித்துவிட்டாள். ஏதேனும் ஒன்று நல்லதாக வாராதா என ஏங்கினாள். ஒன்றும் வரவில்லை. அப்போது அவள் துடியனையும் பாணனையும் விறலியையும் நோக்கி, நீவிர் இனி என்னாவீரோ என்று இரங்குகின்றாள். விரிச்சி பொய்த்த இடத்திலே அவள் விதியை நோவதோடு அமையாமற் பிறர் வாழ்வை நினைக்கின்றாள். அங்கே அளக்கப்படுவது அவளுடைய நெஞ்சின் பெருமை.

குறுந்தொகை 218ஆம் பாட்டின் தலைவி வேறொரு வகையினள். கொற்றனார் பாடிய அப்பாட்டிலே அவள் தோழியிடம், தெய்வத்துக்கு நேர்கடன் பூணுதலையும் கையிலே காப்புநூல் கட்டுதலையும் புள் ஓர்தலையும் விரிச்சி நிற்றலையும் விட்டொழித்ததாகக் கூறுகின்றாள். நம்மை மறந்து ஆங்கே அமைந்திருக்க வல்லவர்க்காக இவையெல்லாம் எதற்கு என்பது அவள் குறிப்பு. இதனை மூடநம்பிக்கைக்கு எதிரான அறிவுரை எனக் கொள்வது பொருந்தாது. ஒருவர்பொருட்டு நிமித்தம் பார்ப்பது அவர்மேல் உள்ள அன்பின் தொழில் என்பதும், அதனை நிறுத்துவது ஊடலின் எல்லை என்பதும் அதனாற் புலனாகின்றன. முன்னே கூறிய 124, 204 என்னும் புறப்பாட்டுக்களையும் இவற்றோடு சேர்த்து எண்ணுக. காரியின் கொடை தீய புள்ளையும் வென்றது. பரிசில் பெறாத புலவர் புள்ளைப் பழித்தது புரவலனின் மானத்தைக் காத்தற்கு. குறி எதுவாயினும் புலவர் பார்வை மனிதன்மேலேயே இருந்தது.

பிற்காலத்திலே சகுனம் என்னும் வடசொல் தமிழிலே பரவிற்று. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்திலே, கண்ணப்ப நாயனார் புராணத்துச் செய்யுளொன்றில் சகுனம் என்பதும் புட்கள் என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. பழஞ்சொல்லும் புதுச்சொல்லும் ஒரே பொருளில் ஒருங்கு நின்ற காலம் அது. அச்செய்யுளின் பொருளும் சிந்திக்கற்பாலது. ஆறாம் நாள் வேட்டை முடித்து வரும் திண்ணனார்க்கு வழியெங்கும் தீய குறிகள் தோன்றுகின்றன. இப்பறவைகள் உதிரங் காட்டுகின்றனவே, என் அத்தனுக்கு என்ன நேர்ந்ததோ எனப் பதைக்கின்றார். சகுனம் நன்றன்று எனத் திரும்பிச் செல்பவர் உலகத்தார். திண்ணனாரோ முன்னினும் விரைந்து செல்கின்றார். தீக்குறி அவர்க்குத் தடையாகாமல் அழைப்பாயிற்று. திருஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது நாளும் கோளும் நன்றல்ல என்று திருநாவுக்கரசர் தடுத்ததும், பிள்ளையார் கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டதும் சைவ மக்கள் யாவரும் அறிந்தவை. அன்பு மிக்க இடத்திலே நிமித்தம் தலைமை தாங்குவதில்லை என்னும் சங்க மரபு, பத்தி நெறியிலும் தொடர்ந்து வந்தமை இவற்றாற் பெறப்படும்.

விரிச்சி என்னும் பெயர் மறைந்ததேயன்றி அதன் நிழல் இன்னும் நம்மிடையே உண்டு. நல்ல சொல் ஒன்றை எவரேனும் சொன்னால், உன் வாய்முகூர்த்தம் பலிக்கட்டும் என்கின்றோம். யாழ்ப்பாணத்தார் வீட்டைவிட்டுப் புறப்படும்போது ‘போறன்’ எனச் சொல்லாது ‘போட்டு வாறன்’ எனச் சொல்வதும், புறப்படுபவரை எங்கே என்று வினாவாமையும் வாயிற் பிறக்கும் சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்னும் பழைய எண்ணத்தின் எச்சங்களே. பல்லி சொல்லுக்கும் பழமை உண்டு. நற்றிணை 98ஆம் பாட்டிலே, தினைப்புனத்தில் நுழைய வந்த காட்டுப் பன்றியும் பல்லியின் ஒலி கேட்டு மெல்ல மெல்லப் பின்வாங்குவதாக உக்கிரப்பெருவழுதி பாடினார். இன்றும் பஞ்சாங்கங்களிலே பல்லி விழும் பலன் அச்சிடப்பட்டு வருகின்றது. ஆனால் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தாற்போல என்னும் பழமொழியும் நம்முடையதே. உடனிகழ்ச்சி வேறு, காரணம் வேறு என்பதை அறிந்த முன்னோர் அதனை ஆக்கினர்.

ஒன்று மட்டும் ஈண்டு வற்புறுத்தத்தக்கது. மேலே காட்டிய சங்கப் பாட்டுக்களிலே குறியாக நின்றது சொல்; சொன்ன ஆள் குறியாகவில்லை. இடைக்குலப் பெண் தாழ்ந்தவளா, உயர்ந்தவளா, எதிரே வந்தது நன்றா, தீதா என்று எவரும் ஆராயவில்லை. அவளை நல்லோர் என்றே பாட்டுக் கூறிற்று. விரிச்சி நிற்றற்கு உரியவராக முல்லைப்பாட்டும் புறநானூறும் காட்டியவர் முதிய பெண்டிர். பிற்காலத்துச் சகுன வழக்கிலோ ஆளே குறியாக்கப்பட்டார். கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் தீது என்றும், மங்கல நிகழ்ச்சிகளில் அவள் முன்னிற்றல் ஆகாது என்றும் ஒரு கொடிய வழக்கு வேரூன்றிற்று. இன்றும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. தான் பெற்று வளர்த்த மகளின் திருமணத்திலே ஒரு தாய் தூணின் மறைவில் நிற்க நேரும்போது, நற்சொற் பெறுதற்கு முதுமகளிரை ஊர் முன்னே அனுப்பிய மரபிலிருந்து நாம் எவ்வளவு தூரம் விலகிவந்துள்ளோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழமையைப் போற்றுவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் நன்று. பழைய வழக்கம் என்று நாம் காக்க முற்படுவனவற்றுட் சில பழமையுடையனவல்ல; அவற்றினும் பழைய வழக்கத்துக்கு மாறுபட்டவை. அதனைத் தெரிவித்தற்கு விரிச்சி என்னும் ஒரு சொல்லே போதிய சான்று. அறியாதார் ஒருவரின் வாயிலிருந்தும் நமக்கு வேண்டிய நன்மொழி பிறக்கக்கூடும் என்று எண்ணி ஊரெல்லையிலே கைதொழுது நின்றவர் நம் முன்னோர். அவர் வழிவந்த நாம் குறிகளை நம்பினும் நம்பாவிடினும், எதிரே வரும் மனிதரைத் தீக்குறியாக்காமலும் நம் வாயிலிருந்து தீச்சொல் பிறவாமலும் காத்தல் கடமையாகும்.